இருளைக் கொண்டு ஒளியை அளத்தல்

தலைமன்னார்க் கரையில் நின்று நோக்குவோர்க்கு ஒரு கடலன்று, இரு கடல்கள் தோன்றும். வடக்கே கிடப்பது பாக்கு விரிகுடா. அதன் பெரும் பகுதி பத்துப் பன்னிரண்டு மீற்றர் ஆழமேயுடையது. காற்றுச் சிறிது ஓங்கினால் அடிமணல் கிளம்பி நீர் வெளிறிவிடும். தெற்கே கிடப்பது மன்னார் வளைகுடா. இராமர் அணை எனப்படும் மணற் தீடைகளைக் கடந்து தெற்கே செல்லச் செல்லக் கடலடி இறங்கிக்கொண்டே போய், 1000 மீற்றருக்கும் மேற்பட்ட ஆழத்தை அடைகின்றது. அங்கே நீரின் நிறம் கருநீலம். வெளிறிய நீர், பச்சை நீர், கரிய நீர் என்று கடலை நிறத்தினாற் பிரித்தறிவது மன்னார்க் கடற்றொழிலாளர்க்குப் பரம்பரைக் கல்வி.

இக்கல்வியை வானிலிருந்து கற்க மனிதன் முயலத் தொடங்கி அறுபது ஆண்டுகள் ஆகப்போகின்றன. 1966 செப்டெம்பரில் ஜெமினி-11 என்னும் விண்கலத்திலிருந்து எடுக்கப்பட்ட படமொன்றிலே தென்னிந்தியாவும் இலங்கையும் முழுவடிவிற் காணப்பட்டன. 1972 ஜூலையில் முதலாவது லான்ட்சற் செய்மதி ஏவப்பட்டது. அதன்பின் அவ்வினச் செய்மதிகளும், 2015 முதல் ஐரோப்பியரின் சென்ரினல்-2 செய்மதிகளும் மன்னார்த் தீவையும் அதன் இரு கடல்களையும் இடையறாது படம்பிடித்து வருகின்றன. இன்று கடற்புற்படுகை குறைந்ததா கூடியதா, தீடை வளர்ந்ததா தேய்ந்ததா, மீன் எங்கே கூடும் என்னும் வினாக்களுக்கெல்லாம் இப்படங்களைப் பார்த்தே விடை கூறப்படுகின்றது.

ஆனால், இவ்விடைகளை நம்புமுன் கேட்கவேண்டிய வினா ஒன்று உண்டு. படம்பிடிக்கும் அந்தக் கருவி உண்மை பேசுகின்றது என்பதற்குச் சான்று யாது?

இவ்வினா மன்னார்க் கரைக்குப் புதியதன்று. அரிப்பு, சிலாபத்துறை, மறிச்சுக்கட்டி என்னும் இடங்களிலே முத்துக்குளிப்பு நடந்த காலத்தில், எடுத்த முத்துக்களைத் தரம் பிரிக்கப் பத்துப் பித்தளைச் சல்லடைகள் பயன்பட்டன. பெரிய துளைச் சல்லடையிலே தங்கும் முத்து ஒரு தரம். அதனின்றும் விழுந்து அடுத்ததில் தங்குவது மற்றொரு தரம். 1903 முதல் 1907 வரை ஆண்டுதோறும் நடந்த பெருங்குளிப்புகளிலே கோடிக்கணக்கான சிப்பிகள் எடுக்கப்பட்டன. அவற்றின் பெறுமதி, முடிவில், இப்பித்தளைத் துளைகளின் செம்மையைப் பொறுத்திருந்தது. நாட்பட்ட பாவனையாலே துளை தேய்ந்து அகன்றால், பெரிய முத்தும் கீழே விழுந்து சிறிய முத்தின் விலையைப் பெறும். முத்து மாறவில்லை, சல்லடையே மாறியது. நட்டம் முத்தை எடுத்தவனுக்கு.

செய்மதியிலுள்ள ஒளியுணர் கருவியும் ஒரு சல்லடையே. அது கீழிருந்து வரும் ஒளியை நிறம் நிறமாகப் பிரித்து, ஒவ்வொரு நிறத்திலும் எவ்வளவு ஒளி வந்தது என்பதை ஓர் எண்ணாகப் பதிவுசெய்கின்றது. படம் என்று நமக்குத் தோன்றுவது உண்மையில் எண்களின் அடுக்கு. லான்ட்சற் அனுப்பும் படத்திலே ஒரு புள்ளி நிலத்தில் 30 மீற்றர் நீளமும் 30 மீற்றர் அகலமும் உடைய ஒரு சதுரம். அச்சதுரத்தின் ஒளி எத்தனை என்று கருவி சொல்லும் எண் பிழையானால், அதிலிருந்து பெறப்படும் முடிவு அனைத்தும் பிழையாகும்.

கருவி ஏன் பிழைசொல்ல வேண்டும்? ஏவப்படுமுன் ஆய்வுகூடத்திலே அது நன்கு சோதிக்கப்படுகின்றது. எனினும், ஏவுகணையின் அதிர்ச்சி, வெற்றிடம், மாறி மாறி வரும் கடுங்குளிரும் வெப்பமும், சூரியனின் கடுங்கதிர்கள் ஆகியவற்றுக்கு அது ஆளாகின்றது. கண்ணாடிகளிலே மெல்லிய மாசு படிகின்றது. மனிதர்க்குக் கண்ணிற் புரை வளர்வதுபோலக் கருவிக்கும் பார்வை மங்குகின்றது. புரை மெல்ல மெல்ல வளர்வதால், உலகமே மங்கிவருகின்றது என்று முதியவர் எண்ணுவதுண்டு. கருவியும் அவ்வாறே, தன் குறையை உலகத்தின் குறையாகக் காட்டும்.

இதற்கு வரலாற்றிலே தெளிவான சான்று உண்டு. கடலின் நிறத்தை அளப்பதற்கென்றே அமைந்த முதற்கருவி 1978 ஒக்டோபரில் நிம்பஸ்-7 என்னும் செய்மதியில் ஏறிச் சென்றது. அது 1986 வரை தொழிற்பட்டது. அக்காலத்தில் நீலநிறத்தை உணரும் அதன் திறன் படிப்படியாகக் குறைந்துவந்தது. கடல் மாறியதா, கருவி மாறியதா என்று பிரித்தறிவது விஞ்ஞானிகளுக்குப் பெருந்தொல்லையாயிற்று. 1984இல் ஏவப்பட்டு நெடுங்காலம் உழைத்த லான்ட்சற்-5 இன் கதை இன்னும் வியப்பானது. கருவியைச் சரிபார்ப்பதற்காக அதனுள்ளே சிறு விளக்குகள் வைக்கப்பட்டிருந்தன. நாளடைவில் அவ்விளக்குகளின் போக்கே மாறிவிட்டமை பின்னர் உணரப்பட்டது. படியை வைத்து நெல்லை அளக்கலாம். படியே சுருங்கினால் எதை வைத்துப் படியை அளப்பது?

விண்ணிலுள்ள கருவிக்கு வெளியே, மாறாத பொருள் ஒன்றைத் தேடவேண்டும் என்னும் கருத்து இவ்வாறே வலுப்பெற்றது. பழைய வணிகர் மஞ்சாடி வித்தை நிறைக்கு அளவாகக் கொண்டமைக்குக் காரணம், அவ்வித்துக்கள் ஒன்றுக்கொன்று பெரிதும் வேறுபடாமையே. அதுபோல இயற்கையே தந்த அளவுகோல்களைப் பூமியின் முகத்திலே விஞ்ஞானிகள் தேடினர். ஒளி மிகுந்த இடங்கள் எளிதிற் கிடைத்தன. லிபியாவின் மணற் பாலைவனம் உலகச் செய்மதிகளுக்கெல்லாம் பொதுவான ஓர் அளவிடம். இந்தியச் செய்மதிகளுக்குக் கச்சு நாட்டின் வெண்ணிற உப்புவெளி பயன்பட்டுள்ளது. ஆனால், ஒளி மிகுந்த இடம் மட்டும் போதாது. இருண்ட இடமும் வேண்டும்.

ஏன் இருண்ட இடம் வேண்டும் என்பதைத் தராசினால் விளக்கலாம். கடையிலே ஒரு தராசு, தட்டில் ஒன்றும் இல்லாதபோதே ஒரு கிராம் காட்டுகின்றது என்று கொள்வோம். ஐம்பது கிலோ அரிசி மூடையை நிறுத்தால் அந்த ஒரு கிராம் பொருட்டன்று. அதே தராசில் எட்டுக் கிராம் கொண்ட ஒரு பவுண் தங்கத்தை நிறுத்தால், பிழை எட்டில் ஒரு பங்கு. பாலைவனமும் உப்புவெளியும் அரிசி மூடை போன்றவை, ஒளி மிகுதி. கடல் தங்கம் போன்றது. அதிலிருந்து வரும் ஒளி மிகச் சிறிது. தங்கம் நிறுக்க விரும்புவோன் முதலில் வெறுந்தட்டைப் பார்த்து முள்ளைச் சரிசெய்யவேண்டும். ஒளிக்கருவிக்கு வெறுந்தட்டு எதுவெனின், இருள்.

கடலைப் பொறுத்தவரை இச்சிக்கல் இன்னும் கூர்மையாகின்றது. செய்மதிக்கும் கடலுக்குமிடையே வளிமண்டலம் உண்டு. செய்மதி கடலை நோக்கும்போது அதன் கண்ணிற் புகும் ஒளியிலே ஏறத்தாழப் பத்தில் ஒன்பது பங்கு, கடலுக்குள்ளிருந்து வருவதன்று. வளியிலே சிதறி வருவது. மீதி ஒரு பங்கே நீரின் செய்தியைக் கொண்டுவருகின்றது. கணக்காகச் சொன்னால், கருவிக்கு வரும் ஒளி 100 பங்கு, அதில் வளியினது 90, நீரினது 10. கருவி முதுமையடைந்து 100 பங்கை 97 என்று படிக்கின்றது என்று வைத்துக்கொள்வோம். குறை வெறும் மூன்று வீதம். விஞ்ஞானி அந்த 97இலிருந்து வளியின் 90ஐக் கழிப்பார். எஞ்சுவது 7. பத்து இருக்கவேண்டிய இடத்தில் ஏழு. கருவியின் மூன்று வீதப் பிழை, நீரின் செய்தியிலே முப்பது வீதப் பிழையாகப் பெருகிவிட்டது.

நீலவொளி முப்பது வீதம் குறைந்தால் அதன் பொருள் யாது? கடலில் மிதக்கும் நுண்தாவரங்களின் பச்சையம் நீலவொளியை விழுங்குவது. ஆகவே நீலம் குறைந்த இடத்தில் நுண்தாவரம் மிகுந்தது எனவும், அங்கே மீனுக்கு உணவு மிகுந்தது எனவும் கணக்குச் சொல்லும். கடல்நீரின் வெப்பநிலையையும் பச்சையத்தையும் செய்மதியாற் கண்டு, மீன்கூடும் இடங்களை இந்தியக் கரையோரத்தார்க்கு அறிவிக்கும் பணியை ஐதராபாத்திலுள்ள இந்திய தேசியக் கடல் தகவற் சேவை நிலையம் செய்துவருகின்றது. அத்தகைய அறிவிப்பை நம்பி எரிபொருள் செலவிட்டுப் படகோட்டும் ஒருவன், கருவியின் புரையினால் வெறுங்கடலுக்கு அனுப்பப்படலாகாது. இருளைத் தேடும் விஞ்ஞானியின் உழைப்பு ஏழையின் அடுப்போடு தொடர்புடையது என்பது இதனாற் புலனாகும்.

இனி, விஞ்ஞானிகள் தேடிக்கொண்ட இருள்கள் எவை என்று நோக்குவோம்.

முதலாவது, இரவுக் கடல். ஐரோப்பியச் செய்மதியான சென்ரினல்-2, இரவிலே சமுத்திரத்தை நோக்கி, ஒளி வாராத நிலையில் தன் கருவி என்ன எண்ணைக் காட்டுகின்றது என்று பதிவுசெய்கின்றது. அவ்வெண்ணே வெறுந்தட்டின் எண். பகலிற் பெறும் ஒவ்வொரு எண்ணிலிருந்தும் அது கழிக்கப்படும். இம்முறை எளியதாகத் தோன்றினும் இதிலும் ஒரு பாடம் கிடைத்தது. 2011 ஒக்டோபரில் ஏவப்பட்ட சுவோமி என்னும் அமெரிக்கச் செய்மதி, நகரங்களின் இரவு விளக்குகளையும் படகுகளின் விளக்குகளையும் காணவல்ல நுண்ணிய கருவியைக் கொண்டது. அதன் வெறுந்தட்டை அமாவாசை இரவிலே பசுபிக் சமுத்திரத்தின் நடுவில் நோக்கித் திருத்தினர். நிலவில்லை, விளக்கில்லை, கரையில்லை. இதனினும் இருள் ஏது என்று எண்ணினர். ஆனால் வானத்தின் உச்சியிலே வளியணுக்கள் இரவெல்லாம் தாமாகவே மிக மெல்லிய ஒளியைக் காலுகின்றன. கண்ணுக்குத் தோன்றாத அவ்வொளி கருவிக்குத் தோன்றியது. ஆகவே, 2012இல் செய்மதியையே திருப்பி ஆழ்விண்ணை நோக்கச் செய்து, மெய்யான இருளை அறிந்துகொண்டனர். இருள் என்று சொல்லப்படுவதையும் சோதித்தே ஏற்கவேண்டும்.

இரண்டாவது, பகற் கடல். பகலில் ஆழ்கடல் எவ்வாறு இருளாகும் என்று நேயர்கள் வியக்கலாம். மனிதக் கண்ணுக்கு எட்டாத செந்நிறக்கீழ்க் கதிர்களை நீர் மிக விரைவாக விழுங்கிவிடும். ஆகையால், அக்கதிரில் எடுத்த படத்திலே தெளிந்த ஆழ்நீர் மைபோற் கறுத்திருக்கும். கறுத்திருக்கவேண்டிய அவ்விடத்தில் கருவி சிறிது ஒளியைக் காட்டுமானால், அது நீரின் ஒளியன்று; இடையிலுள்ள வளியின் தூசியும் புகாருமே அதற்குக் காரணம். அவ்வளவை அறிந்து, அதனைக் கொண்டு ஏனைய நிறங்களிலும் வளியின் பங்கைக் கணித்துக் கழிக்கலாம். ஒரு படத்தின் மிக இருண்ட பொருளைக் கண்டு, அதன் எண்ணைப் படமெங்கும் கழிக்கும் இம்முறையை 1988இல் அமெரிக்க நில அளவைத் துறையைச் சேர்ந்த சாவெஸ் என்பார் செம்மைப்படுத்தி எழுதினார். சிறிய ஆய்வுகூடத்திலும் கையாளத்தக்க எளிய வழி இது.

மன்னாரைப் பற்றிய படத்தில் இவ்வழியைக் கையாள்வோன் எந்த நீரைத் தெரிவுசெய்வது? இங்கேதான் இரு கடல்களின் வேறுபாடு உயிர்நிலையாகின்றது. பாக்கு விரிகுடாவின் நீரிலே மிதக்கும் மண்டி செந்நிறக்கீழ்க் கதிரையும் திருப்பியனுப்பும். அதனைக் கரிய நீர் என்று கருதிக் கழித்தால், மண்டியின் ஒளியும் வளியின் ஒளியாகக் கணக்கிடப்பட்டு, வேண்டியதற்கு மேலாகக் கழிபட்டுவிடும். விளைவாக, படமெங்கும் நீர் உள்ளதினும் இருண்டதாகத் தோன்றும். தீடைகளுக்குத் தெற்கே, கரையை விட்டு நெடுந்தூரம் சென்று, ஆழ்நீரைத் தெரிவுசெய்வதே முறை. அதிலும் காலம் பார்க்கவேண்டும். வாடைக் காலத்திலே வடகடலின் நீர் தீடைகளின் இடைவெளிகளூடே தெற்கே புகும். சோளகக் காற்று வலுத்தால் கடல் நுரைக்கும்; நுரை வெண்மையாகி அளவைக் கெடுக்கும். சூரியன் நீரிற் பட்டுக் கண்ணாடிபோல் மின்னும் கோணத்திலே செய்மதி நின்றாலும் அப்படம் உதவாது.

இருண்டவையெல்லாம் நிலையானவையல்ல என்பதற்கு மன்னார் மாவட்டமே நல்ல பாடசாலை. வங்காலைக் கரையின் சேற்றுவெளி, பறவைகளுக்குப் புகலிடமாகி, 2010இல் ராம்சார் உடன்படிக்கைப்படி உலகப் பெருமை பெற்றது. மழை பெய்தபின் அது கருமை. கோடையில் உப்புப் பூத்து வெண்மை. கட்டுக்கரைக் குளம் மாரியில் நீர்ப்பரப்பு; வறண்ட காலத்தில் அதன் விளிம்பெல்லாம் புல். முகிலின் நிழலும் இருண்டதே. ஆனால் அது நாழிகைக்கு ஓரிடத்தில் நிற்கும். அண்டையிலுள்ள வில்பத்துக் காட்டைப் போன்ற அடர்ந்த காடுகள் செந்நிற ஒளியிலும் நீல ஒளியிலும் இருண்டு தோன்றுவதால், கடல் இல்லாத நாட்டார் அத்தகைய காடுகளை இருள் இலக்காகக் கொள்வதுண்டு. எனினும் உலர்வலயக் காடு வறட்சியில் இலையுதிர்ந்து நிறம் மாறும். அளவுகோலாகத் தெரிவுசெய்யப்படும் இடம் அகன்றதாய், பருவத்துக்குப் பருவம் மாறாததாய், வெண்மணற் கரையின் ஒளி தெறிக்காத தொலைவில், தூய வளியின் கீழ் அமையவேண்டும். ஆகையினாலேயே உலகச் செய்மதிகள் தென் பசுபிக், தென் இந்து சமுத்திரம் முதலியவற்றின் நடுப்பகுதிகளை நாடுகின்றன. அங்கே உயிர்ப்பொருள் மிகக் குறைவு. நீர் மிகத் தெளிவு.

அந்நடுக்கடல்கள் இருண்டிருப்பதில் மற்றொரு நன்மையும் உண்டு. கீழே இருள் நிலைபெற்றிருப்பதால், மேலே வளியணுக்கள் சிதறும் நீலவொளி தனித்துத் தோன்றும். வளியணுக்கள் ஒளியை எவ்வளவு சிதறும் என்பதை 19ஆம் நூற்றாண்டிலேயே இறேலி பிரபு கணித்துக் காட்டினார். கணக்கினாலே முன்கூட்டி அறியத்தக்க ஒளி அது. கருவி காட்டும் எண்ணைக் கணக்கின் எண்ணோடு ஒப்பிட்டால், கருவியின் புரை எவ்வளவு என்று தெரிந்துவிடும். கரும்பலகையிலே வெண்கட்டியின் மெல்லிய கோடும் தெளிவாகத் தெரிவதுபோல, இருண்ட கடலின் மேல் வானத்தின் மெல்லொளி அளவுகோலாகின்றது.

இவ்விடத்தில் தமிழ்நாட்டின் அறிஞர் ஒருவரை நினைவுகூர்வது பொருத்தமாகும். கடலின் நீலம் வானத்தின் நிழலே என்று இறேலி பிரபு கருதியிருந்தார். திருச்சிராப்பள்ளியிற் பிறந்த சர். சி. வி. இராமன், 1921இல் ஐரோப்பாவுக்குக் கப்பலிற் சென்று மீண்டபோது, சிறிய ஒளிக்கருவி ஒன்றைக் கையிற் கொண்டு கடலை ஆராய்ந்தார். நீரின் மேற்பரப்பில் தெறித்துவரும் வானொளியை அக்கருவியினாலே தடுத்துவிட்டுப் பார்த்தார். நீலம் மறையவில்லை, முன்னிலும் ஆழ்ந்து விளங்கியது. நீர்மூலக்கூறுகளே ஒளியைச் சிதறி நீலத்தைத் தருகின்றன என்று அவர் நிறுவினார். மேற்பரப்பின் ஒளியை நீக்கி உள்ளொளியை மட்டும் காணும் அந்த முயற்சியையே இன்று செய்மதிகள் வானிலிருந்து செய்துகொண்டிருக்கின்றன.

கணக்கு மட்டும் போதுமா? போதாது. கடலிலே இறங்கியும் அளக்கவேண்டும். ஹவாய்த் தீவுக் கூட்டத்திலுள்ள லானாய்த் தீவுக்கு அப்பால், தெளிந்த ஆழ்நீரிலே, 1997 முதல் ஒரு மிதவை நிலையாக நிறுத்தப்பட்டுள்ளது. அதன் தண்டிலிருந்து நீருக்குள் வெவ்வேறு ஆழங்களிலே கைகள் நீண்டிருக்கும். அவை ஒவ்வோர் ஆழத்திலும் ஒளியை அளக்கும். செய்மதி தலைக்கு மேலே செல்லும் வேளையில் மிதவை அளந்ததையும் செய்மதி அளந்ததையும் ஒப்புநோக்குவர். மிதவையைக் காலந்தோறும் கரைக்குக் கொண்டுவந்து, படிந்த பாசியை நீக்கி, நிலையான விளக்குகளின் முன் மீண்டும் சோதிப்பர். இந்து சமுத்திரத்தின் நமது பக்கத்திலே, இலட்சத்தீவுகளின் கவரத்தியில் இந்திய விண்வெளி ஆராய்ச்சி நிறுவனத்தார் இத்தகைய அளவிடம் ஒன்றை அமைத்தனர். 1999 மே மாதத்திலும் 2009 செப்டெம்பரிலும் 2022 நவம்பரிலும் அவர்கள் ஏவிய ஓஷன்சற் செய்மதிகள் கடலின் நிறத்தை அளப்பவை. பவளத்தீவுக்கு வெளியே கடல் திடீரென ஆழ்ந்துவிடுவதாலும், பெருநதிகளின் மண்டி அங்கே எட்டாமையாலும், அந்நீர் இருளிலக்காவதற்கு ஏற்றது. மன்னாருக்கு மிக அண்மையிலுள்ள இத்தகைய மெய்யளவிடம் கவரத்தியே எனலாம்.

மூன்றாவது இருள் ஒன்று உண்டு. அது எவரும் எதிர்பாராதது. அதுவே சந்திரன். கவிஞர்கள் பாலுக்கும் வெள்ளிக்கும் ஒப்பிட்ட நிலவு, உண்மையிலே, தன்மேல் விழும் ஒளியிற் பத்தில் ஒரு பங்களவையே திருப்பியனுப்பும் கரிய கல். பழைய தார்வீதியின் கருமைக்கு அதனை ஒப்பிடலாம். சுற்றியுள்ள வானம் அதனினும் கருமையாதலால் அது வெண்மையாகத் தோன்றுகின்றது. அங்கே காற்றில்லை, மழையில்லை, பயிரில்லை. ஆகவே அதன் முகம் மனிதர் அளக்கும் காலத்துள் மாறுவதில்லை. 1997இல் ஏவப்பட்ட சீவிஃப்ஸ் என்னும் கடல்நிறக் கருவி, மாதந்தோறும் ஒருமுறை தன் செய்மதியோடு திரும்பிச் சந்திரனை நோக்கியது. 2010 வரை இவ்வழக்கம் தொடர்ந்தது. நிம்பஸ்-7 இல் நேர்ந்த குறையை நினைந்து வகுத்த ஏற்பாடு அது. இன்று லான்ட்சற்-8 உம் மாதந்தோறும் நிலவைப் பார்த்துத் தன் கண்ணைச் சோதிக்கின்றது.

இத்தனை உழைப்பினாலும் மன்னாருக்கு விளைவது யாது? ஆழமற்ற நீரிலே வெண்மணல் ஒளிரும். கடற்புற்படுகை இருண்டு தோன்றும். ஆழ்நீரும் இருண்டு தோன்றும். இருண்ட இவ்விரண்டையும் பிரித்தறிவது ஒரு சில எண்களின் வேறுபாட்டிலே தங்கியுள்ளது. வெறுந்தட்டு முள் சிறிது விலகினாலும், புல் ஆழ்நீராகிவிடும், ஆழ்நீர் புல்லாகிவிடும். அப்புல்லை மேய்ந்து வாழ்வது ஆவுளியா எனவும் வழங்கும் கடற்பசு. அதனைக் காக்கும் பொருட்டு 2022 செப்டெம்பரில் தமிழ்நாடு அரசு பாக்கு விரிகுடாவில் 448 சதுர கிலோமீற்றர் பரப்பைக் காப்பகமாக அறிவித்தது. கடலடியை வாரும் இழுவைமடித் தொழிலை இலங்கை 2017இல் சட்டத்தினாலே தடைசெய்தது. மடி இழுத்த இடத்திலே புற்படுகை அழிந்தது என்று ஒரு சாரார் கூறுவர். அழியவில்லை என்று மற்றொரு சாரார் கூறுவர். இருபது ஆண்டுகளுக்கு முந்திய படத்தையும் இன்றைய படத்தையும் அருகருகே வைத்தே தீர்ப்புக் கூறவேண்டும். இருபதாண்டுக்கு முன் பார்த்த கண் வேறு. இன்று பார்க்கும் கண் வேறு. இரு கண்களும் ஒரே இருளையும் ஒரே ஒளியையும் பார்த்துச் செம்மைப்படுத்தப்பட்டிருந்தாலன்றி, அவ்வொப்பீடு நியாயமாகாது. அழியாத புல்லை அழிந்ததாகச் சொல்லிக் குற்றமற்றவர்மேற் பழி சுமத்தலும், அழிந்த புல்லை உள்ளதாகச் சொல்லிக் குறையை மறைத்தலும் ஒருங்கே நிகழலாம். மன்னார்த் தீவின் மணலிலுள்ள கனிமங்களை அகழ்வது பற்றி எழுந்துள்ள விவாதத்துக்கும் இது பொருந்தும். கரை தேய்ந்ததா, நிலம் தாழ்ந்ததா என்று நாளை கேட்கப்படும்போது, இன்றைய அளவு செம்மையாக இருத்தல் வேண்டும்.

இராமர் அணையின் அண்மைக்கால வரைபடமும் இதற்கு உதாரணம். ஐஸ்சற்-2 என்னும் செய்மதி 2018இல் ஏவப்பட்டது. அது சூரியவொளியை நம்பாமல், தானே பச்சைநிற லேசர்க் கதிரைக் கீழே செலுத்தி, நீர்ப்பரப்பிலும் நீரடியிலும் பட்டுத் திரும்பும் ஒளித்துகள்களை எண்ணுகின்றது. 2018 முதல் 2023 வரை கிடைத்த அத்தகைய அளவுகளைக் கொண்டு, இந்திய விண்வெளி ஆராய்ச்சி நிறுவனத்து விஞ்ஞானிகள் அணையின் கடலடி வரைபடத்தை 2024இல் வெளியிட்டனர். ஏறத்தாழ 29 கிலோமீற்றர் நீளமுடைய அவ்வமைப்பில் 99.98 வீதம் ஆழமற்ற நீருக்குள் மூழ்கிக் கிடக்கின்றது என அவர்கள் கண்டனர். ஒளித்துகள்களை ஒவ்வொன்றாக எண்ணும் அக்கருவிக்கும் பகலினும் இரவே நல்லது. பகலிலே சூரியனின் துகள்கள் கலந்து எண்ணிக்கையைக் குழப்பும். இரவிலே தான் விட்ட ஒளியே தன்னிடம் மீளும்.

வண்ணம் தீட்டிய செய்மதிப் படங்கள் இன்று செய்தித்தாளிலும் பாடநூலிலும் மலிந்துள்ளன. அவற்றைக் காண்போர், இது எந்நாளில் எடுத்தது என்று கேட்பதோடு, எந்த இருளை வைத்து அளந்தது என்றும் கேட்கப் பழகுதல் நன்று. மாணவர்கள் இதனை வீட்டிலேயே சோதிக்கலாம். ஒளிப்படக் கருவியின் வில்லையைக் கறுப்புத் துணியால் நன்கு மூடி ஒரு படம் எடுத்தால், அது முற்றும் கறுப்பாக அமையாமல் மெல்லிய சாம்பற் புள்ளிகள் தோன்றுதலைக் காணலாம். அப்புள்ளிகள் வெளியுலகத்தைச் சேர்ந்தவையல்ல, கருவியைச் சேர்ந்தவை.

தலைமன்னார்க் கடற்றொழிலாளன் விடியலிற் படகைத் தள்ளுமுன் சிறிது நேரம் கடலை உற்று நோக்குவான். கரைநீரைப் பார்த்தபின் தெற்கே அந்தக் கரிய நீரைப் பார்ப்பான். பின் மீண்டும் கரைநீரைப் பார்ப்பான். கரியது எவ்வளவு கரியதாக உள்ளது என்று கண்டபின்னரே, வெளிறியது எவ்வளவு வெளிறியுள்ளது என்று அவன் துணிகின்றான். பல நூறு கிலோமீற்றர் உயரத்திலே சுற்றும் கருவியும் அவன் செய்வதையே செய்கின்றது.